லாடம் போல ஒரு விளக்கு

எங்கள் காரின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மூன்று வருடங்களாக எரிந்துகொண்டே இருந்தது. 2014 மாடல் வண்டி. 2021-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கிய அன்றே அந்த விளக்கும் கூடவே வந்தது. வண்டியைக் காட்டிய புரோக்கர், "அது ஒண்ணுமில்லண்ணே, சென்சார் கம்ப்ளெய்ன்ட்டு. வண்டி ஓடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. இரவில் ஓட்டும்போது கண்ணை உறுத்துகிறது என்று சொன்னேன். மகள் தன் பள்ளிக்கூட நோட்டு லேபிளில் ஒரு சின்னத் துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோருமே நினைத்தோம்.

அப்பா மட்டும் ஒவ்வொரு முறை முன்சீட்டில் உட்காரும்போதும் அந்த லேபிளையே பார்ப்பார். ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கசியும்.

"உள்ள குதிர லாடம் மாதிரி ஒண்ணு எரியுதேப்பா, என்னது அது?"

"டயர்ல காத்து கம்மியா இருந்தா காட்டுறதுப்பா. அது ரிப்பேரு."

"காத்து கம்மின்னு சொல்றதுக்கு ஒரு லைட்டு. அந்த லைட்டு ரிப்பேருன்னு சொல்றதுக்கு என்ன வச்சிருக்கான்?"

அப்போது அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு முறையான பதில் ஒன்று உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் சில வருடங்கள் லாரியில் கிளீனர். இப்போது வயது எழுபத்தாறைத் தாண்டிவிட்டது, இடது காது சரியாகக் கேட்காது. ஆனாலும் எங்கே கிளம்பினாலும் கைத்தடியால் நாலு டயரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

2024 மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில், விருதுநகர் பக்கம் இருக்கும் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும். கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டித் திருமங்கலமும் போய்விட்டது. நாற்கரச் சாலையில் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன். அப்பா திடீரென்று, "ஓரங்கட்டு" என்றார்.

"ஏம்ப்பா?"

"எடது பக்கம் பின்னாடி வண்டி உக்காருது. நிப்பாட்டுறா மொதல்ல."

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டியரிங் நேராகத்தான் இருந்தது. ஏசி ஓடியது, பாட்டு ஓடியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது இடது பின் டயர் முக்கால்வாசி காற்றை இழந்து பிதுங்கி நின்றது. பக்கச்சுவரில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கை பின்னால் வந்தது. பக்கச்சுவரைச் சுற்றிலும் ரப்பர் அரைபட்டுக் கறுப்புப் பொடி உதிர்ந்திருந்தது. நடுவில் ஒரு ஸ்குரூ ஏறியிருந்தது.

"இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்று அப்பா சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. "டிக்கியத் தொற. ஸ்டெப்னி எறக்கு" என்று மட்டும் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் அவர் பிடிவாதமாக ஸ்டெப்னிக்குக் காற்றுப் பிடிக்க வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று வீடு திரும்பியதும் லேபிளைப் பிய்த்தேன். அதற்குப் பின்னால் எரிந்த விளக்கு எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று தேடத் தொடங்கியதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

*

அந்தக் குறி உண்மையில் லாடம் அல்ல. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம் அது. கீழே தரையைத் தொடும் பல்வரிசை, இரண்டு பக்கமும் வளைந்தேறும் சுவர், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. ஆனால் அப்பா அதை லாடம் என்று சொன்னதில் தற்செயலாக ஒரு சரித்திரம் இருக்கிறது.

எங்கள் கே.கே. நகரிலிருந்து வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் மாட்டுத்தாவணி. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் பஸ் நிலையம்தான் ஞாபகம் வரும். தாவணி என்றால் மாட்டுச்சந்தை. சித்திரைத் திருவிழாவை ஒட்டி ஊரூராக மாடுகள் வந்து கைமாறிய இடம் அது. மாடு வந்த இடத்துக்கு லாடம் அடிப்பவர்களும் வந்தார்கள். மண்ரோட்டிலும் கப்பிரோட்டிலும் நடந்து தேய்ந்த லாடத்திலிருந்து ஆணிகள் உதிரும். வண்டிமாடு போன வழியெல்லாம் ஆணி கிடக்கும். இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. காற்றடைத்த ரப்பர் சக்கரம் அதே ரோட்டில் வந்தபோதுதான் வம்பு தொடங்கியது.

காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். காலம் கனியவில்லை, உலகம் அதை மறந்துவிட்டது. 1888-இல் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோவுக்குப் போய்த் திரும்பும் கார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களோடு இறங்கினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காற்றின் மேல் கார் ஓடும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

அதற்குப் பதினேழு வருடங்களில் அந்தக் காற்று மதுரைக்கு வந்துவிட்டது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, 1912-இல் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். டி.வி.எஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். நேரம் தவறாமல் பஸ் ஓட வேண்டுமென்றால் முதல் எதிரி பஞ்சர். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த டிரைவர்கள் ஒரு கதை சொல்வார்களாம். "ரோட்டுல கெடக்குற லாட ஆணியப் பொறுக்குறதுக்குன்னே காந்தம் கட்டுன வண்டிய ஓட விடுவாகளாம். அப்புறந்தேன் பஸ்ஸு போகுமாம்." பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதைவிட ஆணியை முதலிலேயே எடுத்துவிடுவது மேல் என்ற புத்தி அது. டயர் பாதுகாப்பின் சரித்திரம் முழுக்க இந்த ஒரே கேள்விதான். கோளாறு நடந்த பிறகு சமாளிப்பதா, நடப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதா?

நடந்த பிறகு சமாளிக்கும் வழிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்தார்கள். காற்றடைத்த டயரோடு ஒரு வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதை மாட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராயிற்று. இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். நாம் மறக்கவில்லை. பிரேசிலிலும் மாற்றுச் சக்கரத்துக்கு எஸ்டெப்பே என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். லானெல்லியின் ஒரு தெரு மதுரைப் பஞ்சர் கடைகளில் தினமும் உச்சரிக்கப்படுகிறது.

*

ஆணி மட்டும் டயரைக் கொல்வதில்லை. ஆணியே குத்தாமல் காற்று குறைந்தாலும் டயர் சாகும். அது எப்படி என்று தெரிந்தால்தான் அன்று என் கை சுட்டதன் அர்த்தம் புரியும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்குகிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி விரிகிறது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நிமிடத்துக்குச் சுமார் எண்ணூறு முறை சுற்றும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைத்த இடம் சுடுகிறதல்லவா, அதேதான். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. ஒரு கட்டத்தில் மேல்பட்டை உரிந்து வருகிறது, அல்லது பக்கச்சுவர் கிழிகிறது. வெளியே நிற்பவர்கள் டயர் வெடித்துவிட்டது என்கிறார்கள். வெடிப்பு ஒரு நொடியில் நடந்தாலும் அதற்கான வேலை அரை மணி நேரமாக உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கும்.

டயருக்கு விலை அதிகமாக இருந்த காலத்தில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போயின. உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி ஒரே அடியாக நேச நாடுகளுக்கு எட்டாமல் போயிற்று. இங்கே பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவில் பஸ் ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ் செய்து விற்றது. தேய்ந்த டயருக்குப் புதுப்பட்டை போட்டு மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் வேலை மதுரையில் பெரிய தொழிலாகியது. கோச்சடையில் ரப்பர் ஆலை, பிற்பாடு மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை என்று இந்த ஊருக்கும் ரப்பருக்கும் உறவு நீண்டது.

ரீட்ரெடிங்குக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மேல்பட்டை தேய்ந்திருக்கலாம், அடிக்கூடு நன்றாக இருக்க வேண்டும். காற்றுக் குறைவாக ஓட்டிக் கூட்டைக் கெடுத்துவிட்டால் அந்த டயர் குப்பைக்குத்தான். "காத்து கொறஞ்சு ஓட்டிட்டு வந்தா டிப்போவுல டயர் செக்சன்காரன் மூஞ்சியில முழிக்க முடியாது" என்பார் அப்பா. டயரை அடித்துப் பார்க்கும் பழக்கம் அந்த உலகத்தில் பிறந்தது. லாரி நின்றவுடன் கிளீனர் இறங்கி லிவரால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். நல்ல காற்று இருந்தால் லிவர் துள்ளும், 'டங்'கென்று கேட்கும். குறைந்திருந்தால் 'தொப்'பென்று அமுங்கும். பின்பக்க ஜோடி டயரில் ஒன்று காற்றே இல்லாமல் இருந்தாலும் மற்றது தாங்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

அந்தக் காதை ஏமாற்றியது ரேடியல் டயர். 1946-இல் மிஷலின் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நூல்கள் குறுக்குமறுக்காகப் போகாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். அதன் மேல் கம்பிப்பட்டை. பக்கச்சுவர் நெகிழ்வானது. அதனால் சரியான காற்று இருக்கும்போதே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். பார்த்தாலும் தெரியாது, தட்டினாலும் அவ்வளவாகத் தெரியாது. நான் கப்பலூர்ச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவிடம், "கெளம்பும்போது தட்டிப் பாத்தீங்களே, தெரியலயா?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "இது லாரி டயரு மாதிரி பேசாதுடா. பழக்கத்துல தட்டுறேன். அன்னைக்கி சீட்டுலதேன் தெரிஞ்சுச்சு."

முப்பது வருடம் பஸ் ஓட்டிய இடுப்பு அது. எனக்கு அந்த இடுப்பு கிடையாது. இன்று கார் ஓட்டும் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. அதனால்தான் விளக்கு வந்தது.

*

விளக்கு வந்த கதை அமெரிக்காவில் நடந்தது என்றாலும் முதல் எச்சரிக்கை பாலைவனத்திலிருந்து வந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டியில் போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் மேல்பட்டை உரிந்து, வண்டி உருளுவதாகச் சவூதி அரேபியாவிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் புகார்கள் வந்தன. 1999-இலேயே வளைகுடா நாடுகளில் அந்த டயர்களை மாற்றிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 2000 ஆகஸ்ட் 9 அன்றுதான் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்படும் என்று அறிவிப்பு வந்தது. அங்கும் விபத்துகள் குவிந்தது டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாகாணங்களில். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்த சாவுகள் 271.

டயரின் கட்டமைப்பில் குறை, தொழிற்சாலையில் குறை, வண்டி எளிதில் உருளும் குறை என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. வாதத்தின் நடுவில் ஒரு எண் அடிக்கடி வந்தது: 26. அந்த டயருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது. தொடக்கமே குறைவு. அதிலும் நாலைந்து பிஎஸ்ஐ தானாகக் கசிந்து போய், யாரும் பார்க்காமல், வெயிலில், முழுச்சுமையோடு, வேகமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

2000 நவம்பர் 1 அன்று அதிபர் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் நீளமான பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ட்ரெட்' என்று வரும். டயரின் மேல்பட்டை என்று பொருள். புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்று குறைந்தால் ஓட்டுநருக்குச் சொல்லும் கருவி இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கருவி அப்போது புதிது அல்ல. 1986 வாக்கிலேயே போர்ஷே 959 என்ற பணக்கார வண்டியில் இருந்தது. சட்டம் அதை எல்லோருக்கும் ஆக்கியது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் சண்டை வந்தது. இரண்டு வழிகள். ஒன்று, ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களை வைத்தே ஊகிப்பது. காற்று குறைந்த சக்கரத்தின் விட்டம் சற்றுக் குறையும், அதனால் மற்றதைவிட வேகமாகச் சுற்றும். செலவு குறைவு. ஆனால் நாலு டயரிலும் ஒன்றுபோலக் காற்று குறைந்தால் தடுமாறும். இன்னொன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளேயே அழுத்தம் அளக்கும் சென்சார் வைத்து ரேடியோவில் சொல்ல வைப்பது. 2002-இல் வந்த விதி மலிவான வழிக்கும் இடம் கொடுத்தது. நுகர்வோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2003-இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 2005-இல் புதிய விதி வந்தது. குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் இருபது நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டும், நாலு டயரில் எது குறைந்தாலும், எத்தனை குறைந்தாலும்.

அப்பாவின் கிண்டலுக்கான பதிலும் அந்த விதியிலேயே இருக்கிறது. காற்று குறைந்தால் விளக்கு நேராக எரியும். கருவியே பழுதானால், வண்டியைக் கிளப்பியதும் அதே விளக்கு 60 முதல் 90 நொடி வரை விட்டுவிட்டு மின்னும், பிறகுதான் நிலையாக எரியும். அதாவது, லைட்டு ரிப்பேர் என்று சொல்வதற்கும் ஒன்று வைத்திருந்தார்கள். என் வண்டி மூன்று வருடம் தினமும் காலையில் ஒன்றரை நிமிடம் அதைச் சொல்லியிருக்கிறது. லேபிளுக்கு அடியில்.

ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். பாதுகாப்போடு எரிபொருள் சிக்கனமும் அங்கே காரணம். இந்தியாவில் கதை வேறு மாதிரி. 2020 ஜூலையில் வந்த அறிவிப்பு இப்படிச் சொன்னது: மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தர வேண்டியதில்லை. மிச்சமாகும் இடத்தில் மின்சாரக் கார்களுக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம் என்றும் காரணம் சொன்னார்கள். அங்கே சாவுகளுக்குப் பதிலாக வந்த விளக்கு, இங்கே ஸ்டெப்னிக்குப் பதிலாக வந்திருக்கிறது.

*

கோயில் பயணம் முடிந்த வாரம் கே.கே. நகர் எண்பதடி ரோட்டுப் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். முதலில் விசாரித்த இரண்டு இடங்களில், "அத எதுக்குண்ணே மாத்திக்கிட்டு, லைட்டக் கட் பண்ணி விட்டுர்றேன்" என்றார்கள். இந்தக் கடையில் இருந்த தம்பி மட்டும், "வண்டியக் கெளப்புங்கண்ணே, லைட்டு மின்னுதா, நேரா எரியுதான்னு மொதல்ல பாப்போம்" என்றார். சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

மின்னியது. கருவியில் கோளாறு. அடுத்து அவர் செய்தது எளிமையான வேலை, கண்ணால் பார்த்தது. நாலு சக்கரத்தின் மவுத்தையும் பார்த்தார். என் வண்டியில் சென்சாரும் வால்வும் ஒரே துண்டு. வெளியே தெரியும் வால்வு அலுமினியத்தில் இருக்கும். மூன்றில் அலுமினியம். வலது முன்சக்கரத்தில் கறுப்பு ரப்பர் மவுத்து.

"இதுல சென்சாரே இருக்காதுண்ணே. எங்கயோ பஞ்சர் பாக்கும்போது வால்வு ஒடஞ்சிருக்கும். அம்பது ரூவா ரப்பர் மவுத்தப் போட்டு அனுப்பிச்சிருப்பாங்க."

பிறகு கையடக்கமான ஒரு கருவியை ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் பிடித்தார். சென்சார்கள் எப்போதும் விழித்திருப்பதில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க, வண்டி நிற்கும்போது தூங்கும். 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் விழித்துக்கொண்டு 433 மெகாஹெர்ட்ஸில் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒப்பிக்கும். இடது முன்சக்கரம் பதில் சொன்னது. இடது பின்சக்கரமும் சொன்னது. வலது பின்சக்கரம் பேசவில்லை, பேட்டரி செத்துவிட்டது. உள்ளே இருப்பது பொத்தான் போன்ற லிதியம் பேட்டரி. தண்ணீரும் அதிர்வும் தாக்காமல் இருக்கப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அதை மட்டும் மாற்ற முடியாது. ஏழு முதல் பத்து வருடம்தான் ஆயுள். என் வண்டிக்கு அப்போது பத்து.

இடது பின்சக்கரம் பதில் சொன்னது என்றேனே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். திருமங்கலத்தில் காற்றை இழந்த சக்கரம் அது. டயரை மாற்றியிருந்தேனே தவிர, சென்சார் பழையதுதான். அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. அன்று சுடச்சுட உள்ளே இருந்துகொண்டு காற்று குறைகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். ஏற்கனவே எரிகிற விளக்கு மறுபடி எப்படி எரியும்? ஒரு மவுத்துக்கு ஐம்பது ரூபாய்ச் சிக்கனம், மூன்று நல்ல சென்சார்களின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. இல்லாத விளக்குகூட அவ்வளவு கெடுதல் இல்லை. அப்போது நான் காற்றை அளந்தாவது பார்த்திருப்பேன்.

நாலையுமே மாற்றிவிடச் சொன்னேன். இரண்டு மட்டும் மாற்றினால் மிச்ச இரண்டும் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ சாகும், மறுபடி டயரைக் கழற்ற வேண்டும். தம்பி வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டயரை ரிம்மிலிருந்து அழுத்திப் பிரிக்கும்போது மெஷினின் தகடு சென்சார் இருக்கும் பக்கம் விழாமல் சக்கரத்தைத் திருப்பிவைத்தார். அங்கே விழுந்தால் நொறுங்கிவிடும். வால்வு உட்காரும் துளையைத் துடைத்தார். புது ரப்பர் வளையத்தோடு சென்சாரை வைத்து, நட்டை டார்க் ஸ்பேனரில் அளவாக முறுக்கினார். "கையில முறுக்குனா கூடிப்போயிரும்ணே, அலுமினியம் பட்டுன்னு போயிரும்." உள்ளே போடும் வால்வு பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும், சாதாரணப் பித்தளைப் பின் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும் என்றார். மூடியும் பிளாஸ்டிக் மூடிதான். காற்றடித்த பின் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் நாலு புது எண்களையும் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். "பஞ்சர் ஆனா அந்த ட்யூப்லெஸ் திரவத்த ஊத்திராதீங்கண்ணே. சென்சார் ஓட்டைய அடைச்சுப்புடும். டயர எடம் மாத்திப் போட்டா வந்து சொல்லுங்க, மறுபடி எழுதணும்."

ஒரு சென்சார் ஒரு நல்ல டயரின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. கணக்குப் பார்க்கும்போது கொஞ்சம் வலித்தது. மகளை அன்று பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்திருந்தேன் என்பது நினைவு வந்ததும் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

காற்றை எப்போது அளக்க வேண்டும் என்றும் அன்று கற்றுக்கொண்டேன். காலையில், வண்டி ஓடுவதற்கு முன். 25 டிகிரியில் 32 பிஎஸ்ஐ இருக்கும் டயர் 40 டிகிரியில் தானாகவே 34-ஐத் தாண்டும். மதியம் ஓட்டிக்கொண்டு போய், ஏறியிருக்கும் அளவைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டு வந்தால், மறுநாள் காலையில் குறைவான காற்றோடு நிற்போம்.

மறுநாள் வண்டியைக் கிளப்பினேன். லாடம் இரண்டு மூன்று நொடி எரிந்து அணைந்தது. பல்பு இருக்கிறது என்று காட்டும் அளவுக்கு மட்டும். அப்பா பக்கத்தில் இருந்தார். "அணைஞ்சிருச்சா? இனிமே எரிஞ்சா மெய்யாலுமே எரியுதுன்னு அர்த்தம்" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி அதே கோயிலுக்குக் கிளம்பினோம். இந்த ஒரு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேஜ் வைத்துக் காற்றுப் பார்க்கவில்லை. விளக்குதான் இருக்கிறதே. முந்தின நாள் சாயங்காலம் அப்பா வாசலில் வந்து நின்றார். கைத்தடியால் நாலு டயரையும் தட்டினார். பிறகு டிக்கியைத் தட்டினார்.

"இதுக்குள்ள ஒண்ணு கெடக்கே, அதுக்கு லைட்டு இருக்கா?"

இல்லை. என் வண்டியில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது. வெளியே எடுத்துக் கேஜை வைத்தேன். 14 காட்டியது.

ஸ்டெப்னியைக் கடை வரைக்கும் உருட்டிக்கொண்டே போய்க் காற்றுப் பிடித்துவந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வந்ததும் அதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.